வெந்நீர் தேடிப் போகும் மூட்டுகள்

மணிகரணில் சோறு ஆற்றங்கரையில் வேகிறது. விறகு இல்லை, காஸ் இல்லை. ஒரு பிடி அரிசியை வெள்ளைத் துணியில் முடிந்து, கயிறு கட்டி, கொதிக்கும் சுனைக்குள் இறக்கிவிட்டு யாத்ரீகர்கள் காத்திருக்கிறார்கள். குருத்வாராவின் லங்கருக்கான பருப்பும் அரிசியும் பெரிய பாத்திரங்களில் அதே நீருக்குள் கழுத்தளவு மூழ்கி நிற்கின்றன. சில அடி தள்ளி பார்வதி ஆறு பனி உருகிய நீருடன் இரைந்துகொண்டு ஓடுகிறது. அதில் விரலை நனைத்தால் எலும்பு வரை குளிர்கிறது. இந்தப் பக்கம் கை வைத்தால் தோல் உரியும். நடுவில் நீராவி.

அந்த நீராவிக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், இங்கே வருகிறவர்களில் பலர் நடக்கும் விதம் ஒரே மாதிரி இருப்பது தெரியும். படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி. பஞ்சாப், ஹரியானா, தில்லி எங்கிலுமிருந்து வந்த முழங்கால்கள். பக்தி ஒரு காரணம், வெந்நீர் இன்னொரு காரணம். எது முதல் என்று யாரும் தீர்மானித்துக்கொண்டு வருவதாகத் தெரியவில்லை.

நான் வந்ததற்குக் காரணம் வெந்நீர்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, 44 வயதில், தில்லியில் ஒரு டாக்டர் என் இரு கைகளையும் மேஜை மேல் விரித்து வைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரல் கணுவாக அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். ‘ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ்’ என்றார். அதற்கு முந்தைய மூன்று மாதங்களாகக் காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் யாரோ எண்ணெய் போட்டதுபோல இளகும். தட்டச்சு செய்து பிழைக்கிறவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. போதாக்குறைக்கு, வருடத்துக்கு ஒரு முறையாவது முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏதாவது மலைக்குப் போகிறவள் நான். ஹேம்குண்டும் ஹர் கி தூனும் ஏறி இறங்கிய கால்கள், இப்போது கட்டிலிலிருந்து இறங்கும்போது கூழாங்கல் மேல் மிதிப்பதுபோல உணர்ந்தன.

மொழிபெயர்ப்பு வேலை என்பதால் முதலில் சொல்லைத்தான் புரட்டிப் பார்த்தேன். முடக்குவாதம் என்பது சரியான தமிழ். ஆனால் பத்திரிகைகளில் கீல்வாதம், மூட்டுவாதம், முடக்குவாதம் என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். யூரிக் அமிலத்தால் வரும் கௌட்டுக்கும் இதே பெயர்களில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். வயதாக ஆக முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து வருவது வேறு நோய். எனக்கு வந்திருப்பது தேய்மானம் இல்லை. கிருமிகளை விரட்ட வேண்டிய உடலின் பாதுகாப்புப் படை, ஆள் தெரியாமல் மூட்டின் உள் சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நடு வயதில் வருவது சகஜம். இந்தியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘கட்டியா’. ‘காண்ட்’ என்றால் முடிச்சு. என் காலை நேரத்து விரல்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழிலும் இல்லை. தமிழில் ‘வாதம்’ என்ற சொல்லுக்கு விவாதம் என்றும் ஒரு பொருள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் அதுதான் நடக்கிறது. அம்மா திருநெல்வேலியிலிருந்து போனில் முடக்கத்தான் கீரை தோசை சுடச் சொல்கிறார். முடக்கு அறுத்தான் என்பதே அதன் பெயர், பெயரிலேயே மருந்து இருக்கிறது என்பது அவர் கட்சி. தோசை நன்றாகவே இருக்கிறது. மாத்திரை தனி.

தில்லியிலிருந்து புந்தர் வரை சுமார் 500 கி.மீ. இரவு பஸ்தான் எல்லோரும் பிடிப்பது. மூட்டு நோய்க்காரர்களுக்கு அது நல்ல யோசனை இல்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மடங்கிய முழங்கால், காலையில் விரிய மறுக்கும். நான் சண்டிகரில் ஓர் இரவு தங்கி, பகலில் போனேன். நடைபாதை ஓரத்து சீட் கேட்டு வாங்குவதும், பஸ் நிற்கும் இடமெல்லாம் டீ வேண்டியிராவிட்டாலும் இறங்குவதும் புதிதாகக் கற்றுக்கொண்ட பழக்கங்கள். புந்தரில் பார்வதி, பியாஸ் நதியில் கலக்கிறது. அங்கிருந்து பார்வதியை எதிர்த்துக்கொண்டு சாலை ஜரி, கசோல் வழியாக மணிகரணுக்கு ஏறுகிறது. சுமார் 35 கி.மீ. கசோலில் இஸ்ரேல் இளைஞர்களுக்காக ஹீப்ரு எழுத்தில் பெயர்ப்பலகைகள். நாலு கி.மீ. தள்ளி மணிகரணில் குர்முகி. ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு யாத்திரை. 2023 ஜூலை வெள்ளத்தில் இந்த ஆறு என்ன செய்யும் என்பதைக் கரையோரத்துக் கட்டிடங்கள் பார்த்தன.

மணிகரண் சுமார் 1,760 மீட்டர் உயரத்தில், இரண்டு செங்குத்தான மலைகளுக்கு நடுவில் செருகி வைத்ததுபோல இருக்கிறது. பார்வதி தேவியின் காதணி மணி நீரில் விழுந்து பாதாளத்துக்குப் போய்விட்டதாம். சிவன் கோபம் கொள்ள, ஆதிசேஷன் சீறியபோது மணிகளோடு வெந்நீரும் மேலே பீறிட்டதாம். சீக்கியர்களின் கதை வேறு: குரு நானக் தம் சீடர் மர்தானாவோடு வந்தார், பசித்தது, அடுப்பு இல்லை, கல்லைத் தூக்கச் சொன்னார், கொதிக்கும் ஊற்று வந்தது. இரண்டு கதைகளும் அருகருகே, சண்டையில்லாமல் வாழ்கின்றன. மூன்றாவது கதை புவியியல்காரர்களுடையது. மழையும் பனி நீரும் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள் சூட்டில் கொதித்து, வேறு பிளவு வழியாக ஏறி வருகின்றன. எரிமலை எதுவும் இல்லை. இங்குள்ள பாறைக்கே ‘மணிகரண் குவார்ட்சைட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊற்று வாயில் 90 டிகிரி செல்சியஸைத் தொடும் இடங்கள் உண்டு. இந்த வெப்பத்தை வைத்துப் பரிசோதனைக்காக ஒரு குளிர்பதனக் கிடங்கையே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். சூட்டைக் கொண்டு குளிர் உண்டாக்கிய வேடிக்கையை உள்ளூரில் இன்று யாரும் பேசுவதில்லை.

பெண்கள் குளிக்கும் இடம் தனியாக, மூடிய அறைக்குள். கொதிநீரில் குளிர்ந்த நீரைக் கலந்து, உடம்பு தாங்கும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். தாங்கும் அளவு என்பது அவர்கள் கணக்கு. எனக்குக் கணுக்கால் வரை இறங்க ஐந்து நிமிடம் பிடித்தது. முழங்கால் வரை இன்னொரு ஐந்து. கழுத்து வரை உட்கார்ந்தபோது, ஒன்றரை வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. விரல்களை முழுசாக மடக்கினேன். கட்டை விரல் சுண்டு விரலின் அடியைத் தொட்டது.

‘எத்தனை நாள் தங்குகிறாய், பேட்டீ?’ என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூதியானா அம்மாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. வருடம் தவறாமல் ஏழு நாள் வருகிறாராம். மூன்று நாள் என்றேன். ‘மூன்று நாளில் என்ன ஆகும்?’ என்று சலித்துக்கொண்டார். பிறகு என் கையை நீருக்குள்ளேயே பிடித்து, விரல் கணுக்களைத் தடவிப் பார்த்து, ‘இந்த வயதிலா?’ என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் கிடையாது.

வெந்நீர் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் டாக்டர்களுக்குக் குழப்பமில்லை. தசை இளகும், விறைப்பு குறையும், வலி சில மணி நேரம் அடங்கும். நீரில் மிதக்கும்போது மூட்டின் மேல் உடலின் பாரம் இறங்குவதில்லை, அதனால் அசைப்பது சுலபம். ஆனால் சவ்வுக்குள் நடக்கும் தாக்குதலை நீர் நிறுத்தாது. அதை நிறுத்தாவிட்டால் எலும்பு அரிக்கும், மூட்டு கோணும். அரித்த எலும்பு திரும்பி வராது. என் பையில் இருக்கும் மீதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து. தினமும் எடுத்தால் ஆபத்து. எனக்கு ஞாயிற்றுக்கிழமை. கூடவே டாக்டர் சொன்ன நாளில் போலிக் அமிலம், சில மாதங்களுக்கு ஒரு முறை ஈரலுக்கும் ரத்தத்துக்கும் பரிசோதனை. மூட்டு சிவந்து, வீங்கி, தானே கொதித்துக்கொண்டிருக்கும் நாட்களில் வெந்நீரைத் தொடாதே, ஐஸ் வை என்பது டாக்டரின் கட்டளை. அப்படிப்பட்ட மூட்டுகளோடும் இங்கே சிலர் இறங்குகிறார்கள். லூதியானா அம்மாளுக்கு இருப்பது தேய்மானம் என்பதால் வெந்நீர் அவருக்கு ஒத்துக்கொள்கிறது. குளித்து முடித்து நான்கு பேர் அவரிடம் தங்கள் முழங்காலைக் காட்டி யோசனை கேட்டார்கள். எல்லோருக்கும் அவர் சொன்னது ஏழு நாள்.

லங்கரில் எல்லோரும் தரையில் வரிசையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரசனும் ஆண்டியும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முடியாதவர்களுக்குச் சுவர் ஓரம் பெஞ்சு. நான் தரையில் உட்கார்ந்துவிடுவேன், எழுந்திருப்பதுதான் கஷ்டம். மணிக்கட்டை ஊன்ற முடியாது. பரிமாறுகிற பையன் என் முகத்தைப் பார்த்தான், பெஞ்சைக் காட்டினான். அங்கே எழுபது வயதுக்குக் குறைந்தவர் யாரும் இல்லை. ஊற்றில் வெந்த சோறும் பருப்பும் தட்டில் விழுந்தன. பக்கத்துப் பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். இந்த நோயில் வலியைவிட என்னைத் தொந்தரவு செய்வது இதுதான்: உடம்பு ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்துவிட்டது, ஆள் இன்னும் இங்கேயே இருக்கிறேன். பருப்பில் உப்பு சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் கீர்கங்கா. மணிகரணுக்கு மேலே பர்ஷைனியில் சாலை முடிகிறது. அங்கிருந்து சுமார் 12 கி.மீ. ஏறினால் 2,950 மீட்டர் உயரத்தில் புல்வெளி, அங்கே இன்னொரு வெந்நீர்ச் சுனை. கார்த்திகேயன் ஆயிரம் ஆண்டுகள் தவம் செய்த இடம் என்பது உள்ளூர் நம்பிக்கை. நம் முருகனுக்கு வடக்கே கோயில்கள் குறைவு. இருக்கும் ஓர் இடத்துக்கும் இப்படி நடக்கவிடுகிறான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு என்றால் காலையில் கிளம்பி மாலைக்குள் போயிருப்பேன். இப்போது கணக்கு வேறு. ஏறுவது நுரையீரலின் வேலை, இறங்குவதுதான் மூட்டின் வேலை. இறங்கும்போது ஒவ்வொரு அடியும் பாதத்தின் முன்பகுதியில் விழுகிறது, எனக்கு வலிக்கிற இடமே அது. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த அளவுகோல் ஒன்று உண்டு: நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால், நடந்தது அதிகம். நடக்காமல் இருப்பது அதைவிடக் கெடுதல், தசை இளைத்தால் மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். ஆகவே காலை பத்து மணிக்கு, விரல்கள் இளகிய பிறகு, கைப்பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றிய இரண்டு கம்புகளோடு புறப்பட்டேன். பையை உள்ளூர்ப் பையன் தூக்கிக்கொண்டான். இருபது வருடத்தில் முதல் முறையாக என் பையை இன்னொருவர் தூக்குகிறார். அவனுக்கு அது பையே இல்லை. ‘தீதி, தண்ணீர் பாட்டிலையும் கொடுங்கள்’ என்றான். கொடுக்கவில்லை.

நக்தான் கிராமத்தில் மர வீடுகள், ராஜ்மா தோட்டம், வெயிலில் காயும் கம்பளி. அதைத் தாண்டி ருத்ரநாக். பாறையிலிருந்து அருவி பாம்பு போல நெளிந்து இறங்குகிறது. அங்கே பாலத்தைக் கடந்தால் காட்டுக்குள் செங்குத்து ஏற்றம். மணி ஒன்று. பையன் மேலே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிரித்தேன். தில்லியில் கிளம்பும்போதே போட்ட எல்லை இதுதான், ருத்ரநாக் வரை. போட்ட எல்லையில் நிற்பது ஏறுவதைவிடக் கடினம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் சிரித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தார்கள். மாலை ஐந்துக்குப் பர்ஷைனி. ஏழு மணிக்கு, அறையில், வலி காலையில் இருந்த அளவுக்கே இருந்தது. பிசியோதெரபிஸ்டின் கணக்கில் பாஸ்.

திரும்பும் வழியில் தத்தாபானியையும் பார்த்துவிடலாம் என்று சிம்லா பக்கம் சுற்றி வந்தேன். ‘தப்த’ என்ற சமஸ்கிருதச் சொல் மலையில் தேய்ந்து ‘தத்தா’ ஆகியிருக்கிறது. சூடான தண்ணீர், அவ்வளவுதான் ஊர்ப் பெயர். சட்லெஜ் கரை மணலில் கையால் பள்ளம் தோண்டினால் கந்தக வாடையோடு வெந்நீர் ஊறும் இடமாக இருந்தது. மகர சங்கராந்திக்குக் கூட்டம் நெரியும். 800 மெகாவாட் கோல் அணை 2015-ல் செயல்படத் தொடங்கியது, அதன் நீர்த்தேக்கத்தில் பழைய ஊற்றுகள் மூழ்கிவிட்டன. இப்போது துளையிட்டுக் குழாய் வழியாக மேலே கொண்டுவந்து தொட்டிகளில் விடுகிறார்கள். சங்கராந்திக் குளியல் தொடர்கிறது. நதி இருந்த இடத்தில் பச்சையாக, அசையாமல் ஏரி. படகு சவாரி உண்டு.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், சிறு வயதில் தாம் பள்ளம் தோண்டிய இடத்தைக் கையால் காட்டினார். ஏரியின் நடுவில் எங்கோ. நீர் பழைய சூடு இல்லை என்பது அவர் குறை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது, இருபது நிமிடம் விரல்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளம்பும்போது இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ‘பிடித்துக்கொண்டு போங்கள், பெஹன்ஜி. ஆறிப்போனால் என்ன, தில்லியில் காஸ் அடுப்பு இருக்குமே’ என்றார்.