சித்தப்பா கண்ட சித்திரம்

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்தப்பா முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பூசணிக்காய் வரைந்தால் காம்பு கோணினால்கூட ஒரு மார்க்கைப் பிடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரிடம் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தது என் அசட்டுத் தைரியம்தான்.

ஓவியர் ஆதிமூலம் நம் திருச்சி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1938-ல் பிறந்தவர், 2008-ல் காலமானார். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் அவர் வரைந்த காந்தி சித்திரங்கள் என்றால் சித்தப்பாவுக்கு உயிர். அவ்வளவு அழகாகக் கோடு போட்ட மனுஷர், பிற்பாடு அதை விட்டுவிட்டு வர்ணத்துக்குப் போய்விட்டாரே என்பதுதான் அவருடைய மனத்தாங்கல். அந்த எண்ணெய் வர்ணப் படங்களில் ஒன்றின் அச்சுப் பிரதியைச் சென்ற வருஷம் காட்டினேன். மலை இல்லை, மரம் இல்லை. திட்டுத் திட்டாக நீலமும் மஞ்சளும் மண் நிறமும்.

"சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்டா இது!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. போன மாதம் வாசற்படி தெரியாமல் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். தரையும் சிமெண்டு, படியும் சிமெண்டு. எது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? சித்தி சாமர்த்தியசாலி. மறுநாள் முதல் படியின் விளிம்பில் தினமும் கோலமாவால் பட்டையாக இழுத்துவிடுகிறாள். சித்தப்பா விழவில்லை.

டாக்டரிடம் காட்டத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். காவேரிப் பாலத்தில் டாக்ஸி போகும்போது, "மலைக்கோட்டை தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"மண் நிறமா ஒரு திட்டு தெரியறது. மேலே வெளிச்சம். அவ்வளவுதான்."

பின்னால் 236 அடி ராஜகோபுரம்! பதின்மூன்று நிலைகளிலும் உள்ள பொம்மைகளெல்லாம் கரைந்து ஒரே வர்ணக் குழம்பாகத் தெரிகிறதாம். "வெள்ளைக் கோபுரம் மட்டும் காலம்பர நன்னாத் தெரியும். பின்னாலே நீல வானம் இருக்கே! மேகம் மூடினால் அதுவும் போச்சு."

வீடு திரும்பியதும், "அந்தச் சுவரை எடு" என்றார். ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீலமும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார்.

"இங்கே கோடே போடலை. ஆனால் கோடு இருக்கு. மஞ்சள் பக்கத்திலே நீலம் எப்படி ஆழமாப் போயிடறது, பார்! இதே நீலம் அந்த மண் நிறத்துக்கிட்டே வேற மாதிரி இருக்கு. படி எது, தரை எதுன்னு வர்ணமே சொல்லிடறது."

நான் கல்லூரியில் படித்ததும், கண்காட்சி கண்காட்சியாகச் சுற்றியதும் இந்த விளக்கத்துக்கு முன்னால் நிற்குமா?

வியாழக்கிழமை ஆபரேஷன். படத்தை அவர் திருப்பித் தரவில்லை. கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டி முடித்து இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்:

"கட்டு அவிழ்த்தப்புறம் மறுபடியும் இது வெறும் சுவராத் தெரிஞ்சா என்னடா பண்றது?"