அக்காள் வீட்டுக் கணினி

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் தேக்காவில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலஞ்சென்ற அத்தானின் பழைய கணினியில் ‘ஸ்டார்ட்’ பட்டியைத் திறந்தால், திரை முழுக்க நிரல்களின் பெயர்கள்! அத்தான் கடிதம் எழுதிய முரசு அஞ்சல், அதுதான் நம் மலேசிய முத்து நெடுமாறன் ஆக்கிய தமிழ் நிரல், எங்கோ புதைந்து கிடந்தது.

“எதையும் அழிச்சிடாதே தம்பி, அத்தான் எழுதினதெல்லாம் போயிடும்” என்று அக்காள் பதறினார்.

1995இல் விண்டோஸ் 95 கொண்டுவந்த பட்டி அது. அதிலுள்ளவை வெறும் குறுக்குவழிகள். கடைப் பலகையைக் கழற்றினால் கடை போய்விடுமா? ஆனாலும் அக்காளுக்காக ஒன்றையும் அழிக்கவில்லை. ‘எழுத்து’, ‘விளையாட்டு’, ‘மற்றவை’ என மூன்று கோப்புறைகள் உண்டாக்கி, பெயர்களை இழுத்துப் போட்டேன். ‘மற்றவை’தான் வீங்கியது, நம் பள்ளி அலமாரியும் அப்படித்தானே!

முரசு அஞ்சல் மேலே வந்தது. முதல் கடிதம், தோட்டத்திலிருந்த எங்கள் அம்மாவுக்கு எழுதியது. அக்காள் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.