எங்கள் வீட்டுக் கார்காலம்

செப்டம்பர் பிறந்தால் போதும், லண்டனில் இருக்கும் என் சித்தி மகள் படம் அனுப்பத் தொடங்கிவிடுவாள். மஞ்சள் இலை, சிவப்பு இலை, இலைக்குவியலில் குதிக்கும் பிள்ளை. அதைப் பார்த்த என் ஐந்து வயது மகள் கேட்டாள்: "நமக்கு இலையுதிர் காலம் எப்போ வரும்?"

எனக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிட்டார். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "ஏன் வராது? தை, மாசியில ரப்பர் மரம் மொட்டையா நிக்கும். இலை கொட்டுனா பாலு கொறையும், பாலு கொறைஞ்சா சம்பளம் கொறையும்." பேத்திக்குப் புரியவில்லை. எனக்கு அந்த லண்டன் படங்களை அப்புறம் பழையபடி ரசிக்க முடியவில்லை.

தமிழர் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவம். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். சங்கப் பாடல்களில், பிரிந்துபோன தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிச் செல்லும் பருவம் அது. இங்கேயும் அது பொருந்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பரில் ஓயத் தொடங்கும். வடகிழக்குக் காற்று நவம்பர் வாக்கில் வரும். இடைப்பட்ட வாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையானால் இடியும் மழையும்தான்.

எங்கள் வீட்டுத் தலைவர் தினமும் பிரிந்து போகிறவர். கிள்ளான் துறைமுகத்தில் வேலை. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. மழை பெய்தால் எட்டரை. (1886-இல் திறந்தபோது இந்த ரயில்பாதை கிள்ளான் ஊர்வரைகூடப் போகவில்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் புக்கிட் கூடாவோடு நின்றது. தாமதமாக வரும் நாள்களில் அவர் சொல்லும் வரலாறு இது.) நானோ காலை நிகழ்ச்சிக்காக நாலரைக்கே கிளம்புகிறவள். நாங்கள் நால்வரும் ஒரே மேசையில் உட்காருவது ஒரு நாளில் ஒரு மணி நேரம்.

மாலை நாலு மணி மட்டும் எனக்கும் மகளுக்கும். துன் சம்பந்தன் சாலைக் கடைவரிசையில் ஒதுங்கி நின்று, சூடான வடையை ஆளுக்குப் பாதி பிய்த்துத் தின்போம். தலைக்கு மேல் மோனோரயில் நனைந்துகொண்டு போகும். அவள் ஒவ்வொன்றுக்கும் கையசைப்பாள். பூக்கடை அக்கா தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டே, "பசியாறியாச்சா?" என்பார், மணி நாலானாலும்.

புரட்டாசி என்பதால் வீட்டில் சைவம். கணவருக்கு ஆட்டிறைச்சியை விடுவதில் கஷ்டமில்லை, நாசி லெமாக்கை விடுவதில்தான். சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் இருக்கிறதே! அம்மா காளான் போட்டு ஒரு சம்பல் செய்கிறார். சுமார்தான். ஆனால் யாரும் மிச்சம் வைப்பதில்லை.

மேல்மாடி சீன ஆன்ட்டி எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு மகளுக்கு ஒரு தாங்லுங் விளக்கும், எங்களுக்கு மூன்கேக்கும் தருவார். இந்த முறை அது புரட்டாசிக்குள்ளேயே வந்ததால், முட்டைக்கரு இல்லாததாகத் தேடி வாங்கியிருந்தார். இலையே உதிராத ஊரில் அவர்களும் இலையுதிர் காலத்தின் நடுநாளைக் கொண்டாடுகிறார்கள். அன்றிரவு மின்தூக்கி முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் விளக்கோடு வரிசையாக நடந்தார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு கவனமாகப் பார்க்க ஒரு காரணம் உண்டு. வரும் ஆண்டிலிருந்து வீட்டுக்காரர் வாடகையில் முந்நூறு வெள்ளி கூட்டுகிறார். கிள்ளானுக்குப் போனால் கணவரின் ரயில் மிச்சம், வாடகையும் குறைவு. ஆனால் என் நாலரை மணி மூன்றரையாகும். மகள் முதலாம் ஆண்டில் சேர்வதற்குள் முடிவெடுக்க வேண்டும். அம்மா மட்டும், "கிள்ளான்னா எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார். போகலாம் என்கிறாரா, எங்களுக்காகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

இந்தச் சனிக்கிழமை இரண்டு வீடுகளைப் பார்க்கிறோம். புரட்டாசிச் சனியாதலால் கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் கூட்டம் நெருக்கும். விடியற்காலையிலேயே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, பிறகு வீடு பார்க்கலாம் என்கிறார் கணவர். மழைக்கு முன்னால் திரும்ப வேண்டும், துணி காயப் போட்டிருக்கும்.