சாப்பாடு 400 கி.மீ தூரத்தில்... வீட்டில் பசியோடு குழந்தை! தென்கடல் தீவுகளின் அம்மா அப்பாக்கள்

கால் பாதங்களின் மேல் ஒரே ஒரு முட்டை. அதை அடிவயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்திக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகராமல் காத்திருக்கிறது ஒரு அப்பா பென்குயின். பசிக்கும், ஆனால் சாப்பிட முடியாது. துணை கடலிலிருந்து திரும்பினால்தான் இதற்கு விடுதலை.

இது நடக்கும் இடம், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கும் க்ரோஸே தீவுகள். பிரான்ஸுக்குச் சொந்தமான இந்தத் தீவுகளில் விமான நிலையம் கிடையாது, ஊர் கிடையாது, கடை கிடையாது. ஆராய்ச்சி நிலையத்தில் முறைபோட்டுத் தங்கும் சிலர் மட்டும்தான் மனிதர்கள். ரீயூனியன் தீவிலிருந்து ஆண்டுக்கு ஒருசில முறை புறப்படும் 'மரியோன் துஃப்ரேன்' என்ற கப்பல்தான் ஒரே வழி. (ரீயூனியன் நமக்கு முழுக்க அந்நியமான ஊர் இல்லை. 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.) க்ரோஸே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று இடங்களைச் சுற்றிவிட்டு ரீயூனியனுக்கே திரும்பும் கப்பல் அது. 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த தீவுகள் இவை.

முதல் நிறுத்தம் க்ரோஸே. கரையெங்கும் கிங் பென்குயின்கள். கழுத்தில் ஆரஞ்சு நிறம், ஏறக்குறைய 90 செ.மீ உயரம், 12 கிலோ எடை. கரையில் நடக்கும்போது தத்தித் தத்திப் போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தண்ணீரில் இறங்கிவிட்டால் அது வேறு ஆள்.

நேராகத் தெற்கே!

முதுகில் சிறிய கருவி பொருத்தி அனுப்பிய பென்குயின்களின் பாதையை செயற்கைக்கோள் வழியாகப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. அவை கடலில் சுற்றித் திரிந்து இரை தேடுவதில்லை. தீவைவிட்டுக் கிளம்பியதும் ஏறக்குறைய நேர்கோட்டில் தெற்கு நோக்கி நீந்துகின்றன. கோடைக்காலத்தில் 300 முதல் 500 கி.மீ வரை! சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம். அதுவும் நீச்சலில்.

ஏன் தெற்கு? அன்டார்டிகாவிலிருந்து வரும் குளிர்ந்த நீரும், வடக்கிலிருந்து வரும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் ஓர் எல்லை அங்கே இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை 'போலார் ஃப்ரன்ட்' என்கிறார்கள். குளிர்நீர் கனமானது என்பதால் வெதுநீருக்கு அடியில் புகுந்துவிடும். இந்தக் கலப்பில் மிதவை உயிரிகள் பெருகும். அவற்றைத் தின்ன விளக்கு மீன்கள் கூடும். விரல் நீளம்தான் இருக்கும் இந்த மீன்கள், உடலில் மினுக் மினுக்கென்று ஒளிப்புள்ளிகள் கொண்டவை. பென்குயினுக்கு இதுதான் சோறு, குழம்பு எல்லாமே.

பகலில் இந்த மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும். இரவில் மேலே வரும். அப்படியென்றால் பென்குயின் இரவில்தானே வேட்டையாட வேண்டும்? அதுதான் இல்லை. பென்குயின் கண்ணால் பார்த்துப் பிடிக்கும் பறவை. அதனால் பகல் வெளிச்சத்தில், 100 மீட்டருக்கும் கீழே, சில நேரம் 300 மீட்டர் ஆழம் வரைகூட மூச்சடக்கி இறங்குகிறது. மேலே வந்து மூச்சுவிட்டு, மறுபடி கீழே. ஒரு பயணத்தில் நூற்றுக்கணக்கான முறை இதே வேலை.

இனி கரையில் நிற்கும் அப்பாவிடம் வருவோம். முட்டையை அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 54 நாள்கள். இருவரும் மாறி மாறி அடைகாக்க, கடைசி முறை பெரும்பாலும் அப்பாவுக்கு விழுகிறது. அம்மா வருவதற்குள் குஞ்சு பொரிந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. கடலிலிருந்து வரும்போதே அப்பா வயிற்றில் மீனைச் செரிக்காமல் சேமித்து வந்திருக்கும். 38 டிகிரி உடல் சூட்டில், மூன்று வாரம் வரை அந்த மீன் கெட்டுப்போவதில்லை! நம் வீட்டில் மீன்குழம்பை இரண்டு நாள் வெளியே வைத்துப் பாருங்கள், தெரியும். பென்குயினின் இரைப்பையில் கிருமிகளை அடக்கும் ஒரு புரதப் பொருள் இருப்பதை க்ரோஸே தீவில் செய்த ஆய்வுகள்தான் கண்டுபிடித்தன. அம்மா தாமதித்தால், பிறந்த குஞ்சு ஒரு வாரம் பத்து நாள் அந்தச் சேமிப்பில் உயிர்பிழைக்கும்.

அதற்கு மேலும் தாமதித்தால்தான் சிக்கல்.

எல்லை நகர்ந்த ஆண்டு

1997-ல் அதுதான் நடந்தது. கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடானதில், அந்தக் குளிர்நீர் எல்லை 130 கி.மீ தெற்கே தள்ளிப்போனது. மீன்களும் கூடவே போய்விட்டன. பென்குயின்கள் வழக்கத்தைவிட வெகுதூரம் நீந்தி, 30 மீட்டர் கூடுதல் ஆழத்தில் மூழ்க வேண்டியிருந்தது. கரையில் குஞ்சுகள் காத்துக் கிடந்தன. அந்தக் கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகளின் எண்ணிக்கை 34 சதவிகிதம் சரிந்தது.

அதே க்ரோஸேயில் இன்னொரு தீவு, பன்றித் தீவு. 1980-களில் சுமார் 5 லட்சம் ஜோடிகளோடு உலகின் மிகப்பெரிய கிங் பென்குயின் கூட்டம் இருந்த இடம். செயற்கைக்கோள் படங்களைவைத்து மறுபடி எண்ணியபோது எஞ்சியிருந்தவை சுமார் 60,000 ஜோடிகள்தான். இந்த ஆய்வு 2018-ல் வெளியானபோது பறவை ஆய்வாளர்களே அதிர்ந்துபோனார்கள். சரிவு தொடங்கிய காலமும் அந்த 1997 வெப்பக் காலமும் ஒட்டி வருவதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். கடல் சூடாகும்போது எல்லை இன்னும் தெற்கே போகும். ஆனால் தீவு நகராதே! பென்குயின் முட்டையிட மண் வேண்டும், அதுவும் பனிக்கட்டி மூடாத மண். தெற்கே அப்படிப்பட்ட தீவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு நிமிடம் மட்டும் மேலே

கப்பல் கிழக்கே கெர்கெலன் போய்ச் சேர்கிறது. இங்கே கரையில் பாறைபோலக் கிடப்பவை யானை சீல்கள். ஆண் சீல் 3 டன் எடையைத் தாண்டும். பெண், அதில் ஒரு சிறு பங்கு. கரையில் சோம்பேறிபோலத் தெரிந்தாலும், ஆண்டில் ஏறக்குறைய பத்து மாதம் கடலில்தான் இருக்கும். இருபது, முப்பது நிமிடம் மூழ்கல். மேலே வந்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சு. மறுபடி மூழ்கல். இரவு பகல் பாராமல், மாதக்கணக்கில்! சாதாரணமாக 400 முதல் 600 மீட்டர். 2,000 மீட்டரைத் தாண்டிய பதிவுகளும் உண்டு.

இதிலும் ஒரு வேடிக்கை. சில மூழ்கல்களில் சீல் நீந்துவதே இல்லை, உடலைத் தளரவிட்டு மிதந்துகொண்டிருக்கும். ஒல்லியான சீல் வேகமாக அமிழும். கொழுப்பு ஏறிய சீல் மெல்ல அமிழும், அல்லது மேலே எழும்பும். அந்த வேகத்தை வைத்தே, மீன்பாடு நன்றாக இருந்ததா என்று கரையில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். தலையில் ஒட்டியிருக்கும் கருவி கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் கப்பல்கள் நுழைய முடியாத பனிக்கட்டிக் கடலிலிருந்தும் தகவல் வருவது இப்படித்தான். ரோமம் உதிரும் காலத்தில் கருவியும் தானாகக் கழன்றுவிடும்.

யானை சீல் அம்மாவுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மூன்று வாரத்தில் குட்டிக்குப் பால் மறக்கடித்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அதன்பிறகு 1,000 கி.மீ போனாலும் திரும்பிவரச் சொல்லி யாரும் காத்திருப்பதில்லை. பென்குயினுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆம்ஸ்டர்டாம் தீவின் ரோம சீலுக்கும் இல்லை.

கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே

கப்பலின் கடைசி நிறுத்தம் அதுதான். கன்னியாகுமரியில் நின்று நேர் தெற்கே ஒரு கோடு போட்டால், நடுவில் எந்த நிலமும் குறுக்கிடாமல் சுமார் 5,100 கி.மீ தாண்டி அந்தக் கோடு தொடும் முதல் நிலம், இந்தச் சின்னஞ்சிறு எரிமலைத் தீவு!

இங்கே ரோம சீல் அம்மாக்கள் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் திரும்ப இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். குளிர்காலத்தில் இன்னும் அதிகம். வேட்டை இரவில், அதிக ஆழமில்லாமல். பிடிப்பது அதே விளக்கு மீன். குட்டி அதுவரை பட்டினி.

ஆனால், பிறந்த உடனே அம்மா கிளம்பிவிடுவதில்லை. கரையில் ஆயிரக்கணக்கான குட்டிகள். திரும்பிவரும்போது யார் யாருடைய குட்டி என்று எப்படித் தெரியும்? குரல்தான். பிறந்து இரண்டிலிருந்து ஐந்து நாள்களுக்குள் குட்டி தன் அம்மாவின் குரலைக் கற்றுக்கொள்கிறது. இங்கே செய்த ஆய்வு ஒன்று 2001-ல் சொன்ன செய்தி இது: குட்டி தன் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் வரை, அம்மா முதல் பயணத்துக்குப் புறப்படுவதில்லை.

வாரங்கள் கழித்துக் கரையேறும் அம்மா, ஈரம் சொட்டச் சொட்டக் கத்துகிறது. எத்தனையோ குட்டிகள் கேட்டும் கேளாததுபோலக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் பதில் குரல் கொடுத்துக்கொண்டே பாறைகளின் மேல் தடுமாறி ஓடிவருகிறது. மூன்று நான்கு நாள் பால். பிறகு அம்மா மறுபடி கடலுக்கு.