ஊட்டிக் குளிரும் ஈ.பி. பில்லும்

ஊட்டிக்குப் போனால் எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள், ஏரியைப் பார்ப்பார்கள். அடுத்த முறை கொஞ்சம் தலையைத் தூக்கிப் பழைய பங்களாக்களின் கூரையையும் பாருங்கள். கூரைக்கு மேல் செங்கல்லில் கட்டிய புகைபோக்கி நிற்கும். சில வீடுகளில் இரண்டு, மூன்றுகூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அறை, அந்த அறையில் ஒரு கணப்பு. 1820களில் ஜான் சல்லிவன் இங்கே வீடு கட்டிக் குடியேறினார். அவருக்குப் பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் வீட்டை அப்படியே மலைக்குத் தூக்கி வந்ததன் அடையாளம் அது.

கணப்பு என்றால் விறகு வேண்டும். அதற்காகவே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. விறகுப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் அந்த மரங்கள் புல்வெளியையும் சோலைக்காட்டையும் விழுங்கிப் பரவியது தனிக் கதை.

இன்று அந்தப் புகைபோக்கிகளில் பல அடைத்துக் கிடக்கின்றன. பல வீடுகளில் பழைய கணப்புக் குழியிலேயே மின்சாரக் கணப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் பொய் விறகு, எல்.இ.டி. விளக்கில் ஆடும் பொய்த் தீ, அடியில் காற்றைச் சுடாக்கி ஊதும் நிஜ ஹீட்டர்.

போன ஜனவரியில் லவ்டேல் பக்கம் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்ஷனில் ஓடுகிற வீடு. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த மின்கணப்பு ஹாலில் ஜொலித்தது. தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருந்த வாரம் அது. தீ எரிகிறது, ஆனால் அறை ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது. சித்தி இரண்டு சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சித்தி, சூடு வரலையே?"

"சூட்டை அணைச்சு வெச்சிருக்கேன் கண்ணு. தீயைப் பார்த்தாலே பாதிக் குளிர் போயிடுது. மீதிப் பாதிக்கு ஈ.பி.க்குப் பணம் கட்டணுமே!"

சிரித்துவிட்டுத்தான் சொன்னார். ஆனால் அறுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு குளிரில் உட்கார்வது சிரிக்கிற விஷயம் இல்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டோம்.

தீ மட்டும் எரிந்தால் செலவாகும் மின்சாரம் ஓர் எல்.இ.டி. பல்பு அளவுதான். மாதக்கணக்கில் எரிந்தாலும் நாலைந்து யூனிட். சூட்டைப் போட்டால்தான் மீட்டர் ஓடும். முழு வேகத்தில் 1,500 வாட், அதாவது மணிக்கு ஒன்றரை யூனிட். தினம் 4 மணி நேரம் என்றால் 6 யூனிட். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதால் 60 நாளுக்கு 360 யூனிட்.

சித்தி வீட்டில் வழக்கமான செலவு 300 யூனிட். முதல் 100 இலவசம் போக, பில் 700 ரூபாய் சுற்றுவட்டத்தில் வரும். அதோடு 360 சேர்ந்தால் 660 யூனிட். பில் சுமார் 3,500 ரூபாய்! யூனிட் இரண்டு மடங்குதான் ஆகிறது, பணம் ஐந்து மடங்கு ஆகிறது. காரணம், மேலே போகப்போக யூனிட்டின் விலையே ஏறுகிறது. 500ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். போதாததற்கு, 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் கைவிட்டுப் போகும். ஆக, கணப்புக்கு மட்டும் ஒரு நாளைக்கு 46, 47 ரூபாய்.

இதையே மாற்றிப் போட்டோம். 750 வாட்டில், தினம் 3 மணி நேரம். 60 நாளுக்கு 135 யூனிட். மொத்தம் 435. பில் சுமார் 1,400 ரூபாய். கணப்புக்கு நாளைக்கு 12 ரூபாய்தான். 500 என்ற கோட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் சூட்சுமம்.

அந்தச் சின்னச் சூடு போதுமா? பெரிய ஹாலுக்குப் போதாது. அதனால் கணப்பைப் படுக்கையறைக்கு மாற்றினோம். கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம். தோடர்களின் பழைய குடிசையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அரைப் பீப்பாய் வடிவம், தவழ்ந்து நுழைகிற அளவுக்கு வாசல். உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓட வழியே இல்லை.

கடைக்காரர்கள் எத்தனை பெயர் சொன்னாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். 1,500 வாட் மின்கணப்பும் 1,500 வாட் சாதாரண ஹீட்டரும் தரும் சூடு ஒன்றேதான். கூடுதல் விலை அந்தத் தீயின் அழகுக்கு. சூடும் தருகிற இன்வெர்ட்டர் ஏ.சி. மட்டும் விதிவிலக்கு. அது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் அளவு சூடு தரும். படுக்கைக்கு மட்டும் போதும் என்றால் மின்கம்பளியே சிக்கனம். இரவு முழுக்க ஒரு யூனிட்டைத் தொடுவதே அபூர்வம்.

மின்கணப்பை 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பை மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மலைக்குச் சுற்றுலா போனவர்கள் தூக்கத்திலேயே உயிரிழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் கீழே இறங்கித்தான் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. சமவெளிக்கு வெளிச்சம் கொடுத்த மலை இது. அங்கே வாழும் ஒரு வயதானவர் நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குக் குளிர் காயலாம் என்றால், அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தால் போதும். மலையில் உங்களுக்கும் பெரியவர்கள் இருந்தால், அடுத்த முறை போகும்போது மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.