கொஞ்சம்தான் டாக்டர்

நாய் எதையோ தின்றுவிட்டது என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது அதன் உறையை. குப்பைக்கூடையில் கிடந்தாலும் பரவாயில்லை, எடுத்துப் படிக்கச் சொல்வேன். ‘கொஞ்சம்தான் டாக்டர்’ என்ற பதிலை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது. 10 கிலோ நாய் 100 கிராம் பால் சாக்லேட் தின்றால் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாத அலைச்சலோடு போய்விடும். அதே அளவு டார்க் சாக்லேட் என்றால் அதிலுள்ள தியோபுரோமின் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கி வலிப்பு வரை கொண்டுபோகலாம். கோகோ சதவீதம், மிச்சம் எவ்வளவு, நாயின் எடை, தின்ற நேரம் எல்லாம் தெரிந்தால் பாதி வைத்தியம் போனிலேயே முடிந்தது.

அதற்குள் வீட்டில் யாராவது வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீர் கரைத்திருப்பார்கள். நான் குரலை உயர்த்துவது அப்போதுதான். ரத்தத்தில் சோடியம் ஏறினால் சாக்லேட் செய்யாததை உப்பு செய்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகலாம். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். பொதுவாகத் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் பலன் அதிகம். சைலிடால் கலந்த சூயிங்கம் என்றால் பேச்சே வேண்டாம், வண்டியை எடுங்கள். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரியக்கூடும்.

திராட்சையில் என் கணக்கு எதுவும் செல்லாது. ஒரு நாய் கிண்ணம் நிறையத் தின்றுவிட்டு வாலாட்டும்; இன்னொன்றுக்குச் சில பழங்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடும். டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நம் புளியிலும் அது நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் பிறகு பதிவுகள் வந்தன. கேசரியில் கிஸ்மிஸ் இருந்ததா என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்த நான், இப்போது புளிக்காய்ச்சலையும் சேர்த்து விசாரிக்கிறேன்.

பிரியாணி என்றால் எல்லாருக்கும் எலும்புக் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் வெங்காயம் வெந்த பிறகும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதுவும் சாவகாசமாக. மறுநாள் நாய் துள்ளித் திரியும், வீட்டில் மறந்துவிடுவார்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளுத்திருந்தாலோ சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லி வைப்பேன். சிலர் ராத்திரியில் ஈறைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஈறும் வெளுப்புதான். விடிந்ததும் வாசலில் வைத்து எடுத்து அனுப்புங்கள். நாய் சோர்ந்திருந்தால் படமே வேண்டாம், நாயைக் கொண்டுவாருங்கள்.