கணேஷ்கிண்ட்: பஞ்சுப் பணத்தில் எழுந்த மாளிகை

மராத்தியில் ‘கிண்ட்’ என்றால் கணவாய். புனே நகரின் வடமேற்கே, சதுர்ஷ்ருங்கி அம்மன் குன்றுக்கு அருகே உள்ள கணேஷ்கிண்டில் 400 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது பல்கலைக்கழக வளாகம். ஆலமரங்களைக் கடந்து உள்ளே போனால், கருங்கல்லில் கட்டிய ஒரு மாளிகை எதிரே நிற்கிறது. வளைந்த சாளரங்கள், நீண்ட தாழ்வாரங்கள், ஒரு பக்கமாக ஓங்கிய கொடிக் கோபுரம். துணைவேந்தரின் அலுவலகம் இங்கேதான்.

இந்தக் கட்டடத்தின் மூத்த சகோதரி இங்கிலாந்தில் இருக்கிறது. அந்நாட்டின் தெற்கே வைட் தீவில், விக்டோரியா ராணிக்கும் அவர் கணவர் ஆல்பர்ட்டுக்கும் 1845க்கும் 1851க்கும் இடையே எழுந்தது ஆஸ்பர்ன் ஹவுஸ். எதிரே தெரிந்த கடல் ஆல்பர்ட்டுக்கு நேப்பிள்ஸ் விரிகுடாவை நினைவூட்டியதாம். அதனால் வீடும் இத்தாலிய பாணியிலேயே அமைந்தது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் புனே மாளிகை வரையப்பட்டது. இத்தாலிக்கு ஏங்கிய இங்கிலாந்து வீடு, இங்கிலாந்துக்கு ஏங்கிய துரைமார் வழியாகத் தக்காணத்துக்கு வந்து சேர்ந்தது.

கட்டியவர் பம்பாய் ஆளுநர் சர் பார்ட்டில் ஃபிரியர். பம்பாயின் பழைய கோட்டைச் சுவர்களை இடித்து நகரை விரித்தவர். அந்தப் பணிக்கு அமர்த்தியிருந்த கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ட்ரப்ஷாவிடமே கணேஷ்கிண்டையும் ஒப்படைத்தார். மழைக்காலத்தில் ஆளுநர்கள் பம்பாயை விட்டு புனேவுக்கு வருவது வழக்கம். அதற்கென தாபோடியில் ஒரு பங்களா இருந்தது. ஃபிரியருக்கு அது போதவில்லை.

போதாது என்று தோன்றியதற்குக் காரணம் அமெரிக்காவில் இருந்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனது. இந்தியப் பஞ்சின் விலை எகிறியது. பம்பாயில் பணம் கொட்டியது. பங்குச் சூதாட்டம் தலைவிரித்தாடியது. 1864இல் கணேஷ்கிண்டில் வேலை தொடங்கியது. மறு ஆண்டே போர் முடிந்தது. பஞ்சு விலை விழுந்தது, பம்பாயின் பணக்காரர்கள் பலர் திவாலானார்கள். மாளிகை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1871இல் முடிந்தபோது செலவு ஒன்றரை லட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. பம்பாய் ஆளுநர்களின் ஊதாரித்தனத்துக்கு உதாரணமாக லண்டன் நாடாளுமன்றத்தில் கணேஷ்கிண்டைக் காட்டினார்கள். அதற்குள் ஃபிரியர் பதவி முடிந்து போயே போய்விட்டார். அங்கே குடியிருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உள்ளே தர்பார் மண்டபம், நடன அறை, விருந்துக்கூடம். சமையலறை தனியே தள்ளியிருந்தது. அங்கிருந்து விருந்துக்கூடத்துக்கு நிலத்தடியில் ஒரு சுரங்கப் பாதை. உணவு சூடாக வரவேண்டும். சுமந்து வருகிறவர்கள் விருந்தினர் கண்ணில் படக்கூடாது. இங்கிலாந்துப் பிரபுக்களின் வீடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. கட்டடத்தில் எல்லாவற்றையும்விட வெளிப்படையாகப் பேசுவது, மறைப்பதற்காக வெட்டிய இந்தச் சுரங்கம்தான்.

1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனேயில் பிளேக் பரவியது. தடுப்பு நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.சி. ராண்ட் என்ற அதிகாரி. சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜை அறைகளும் தப்பவில்லை. நோயாளிகளையும் அவர்களுடைய வீட்டாரையும் முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். மார்ச் 10ஆம் தேதி சாவித்ரிபாய் பூலே இறந்தார். 1848இலேயே இந்த ஊரில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர். கணவர் ஜோதிராவ் மறைந்த பிறகும் ஓயாதவர். பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தபோது அவரையும் நோய் பிடித்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 22ஆம் தேதி, விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததற்காக கணேஷ்கிண்ட் மாளிகையில் விழா. நகரம் எந்த நிலையில் இருந்தது என்பது விழா நடத்தியவர்களுக்குத் தெரியாததல்ல. இரவு விருந்தினர் வண்டிகள் திரும்பியபோது கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் காத்திருந்தார்கள். தாமோதர் ராண்டைச் சுட்டார். மற்றொரு வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் பாலகிருஷ்ணனின் குண்டுக்கு அங்கேயே பலியானார். ராண்ட் ஜூலை 3இல் இறந்தார். தாமோதர், பாலகிருஷ்ணன், வாசுதேவ் மூவரையும் 1898, 1899 ஆண்டுகளில் தூக்கிலிட்டார்கள். அந்த இரவின் சூட்டில், ராஜ துரோகக் குற்றம் சாட்டித் திலகரையும் சிறைக்கு அனுப்பினார்கள்.

1901இல் ராணி இறந்தது ஆஸ்பர்ன் வீட்டில்தான். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு லாகூர்க் கலைஞர் பாய் ராம் சிங்கைக் கொண்டு அங்கே ஒரு தர்பார் அறை அமைத்திருந்தார்கள். சுவரும் விதானமும் முழுக்க இந்திய வேலைப்பாடு. மயில் கூட உண்டு. இங்கிலாந்து வீட்டுக்குள் இந்தியா. இந்திய மண்ணில் அந்த வீட்டின் நகல்.

சுதந்திரத்துக்குப் பிறகு மாளிகைக்கு வேறு வேலை வந்தது. 1949 பிப்ரவரி 10ஆம் தேதி புனே பல்கலைக்கழகம் உருவானது. முதல் துணைவேந்தர் எம்.ஆர். ஜெயகர். துரைமார் கூடிய மாளிகையில் இன்று ஞானேஸ்வரர் பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது. 2014இல் பல்கலைக்கழகத்துக்கு சாவித்ரிபாய் பூலே பெயரைச் சூட்டினார்கள். 2022 பிப்ரவரியில் வளாகத்தில் அவருடைய சிலையையும் திறந்தார்கள்.